கதவோர மிஷின்

விருதுநகர் ஜில்லாவுல நைட்டி போட்டுக்கிட்டு வாசத் தெளிக்கிற பொம்பளைகள்ல பாதிப் பேருக்குத் துணி வெட்டிக் குடுத்தவன் நான்தான்.

பொய்யி. நான் கத்திரியத் தொட்டா கட்டிங் மாஸ்டர் என் கையிலயே போட்டுருவாரு. வெட்டுறது அவரு, தைக்கிறது பொம்பளைக. தைச்சு வந்ததை அயன் போட்டு, மடிச்சு, கவர்ல திணிச்சுக் கட்டுறவன் நான். அதையும் ஒளுங்காச் செய்றேனான்னு கேட்டா, கேக்காதீக. பள்ளிக்கூடத்துக்குள்ள நான் போனதே ஓட்டுப் போட மட்டுந்தான். சைஸ் எளுத்துப் படிக்கத் தெரியாது. கத்திரியத் தொறந்து வச்ச மாதிரி ஒரு எளுத்து இருந்தா பெருசு, ரெண்டு கத்திரி இருந்தா ரொம்பப் பெருசு, கத்திரியே இல்லைன்னா சின்னது. இந்த அறிவை வச்சு ஒம்பது வருசம் ஓட்டிட்டேன். ஒருக்க ஒரு லோடு முளுக்க ரெட்டைக் கத்திரியாவே கேரளாவுக்குப் போயிருச்சு. அங்கன உள்ளவுக அதைப் போட்டாகளோ, கல்யாணத்துக்குப் பந்தல் கட்டுனாகளோ, தெரியல.

எங்க கம்பெனி திருத்தங்கல்ல, பஸ் போற ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு. முன்னாடி காலண்டர் அடிச்ச பிரஸ்ஸு. செவத்துல இன்னும் மை அப்பிக் கிடக்கும். முப்பது மிஷின், ஒரே வாசல், அதுக்கும் மேல இருந்து இளுக்கிற ஷட்டர். மிஷின்ல உக்காந்திருக்க பொம்பளைகள்ல பாதிப் பேர் ஆபீஸ்ல இருந்து வந்தவுக. எங்க பக்கம் பட்டாசு பண்ற இடத்துக்குப் பேரு ஆபீஸ். வெளியூர்க்காரன் காதுல விளுந்தா, இங்கன வீட்டுக்கு ஒரு கலெக்டரு இருக்காகன்னு நினைச்சிருவான்.

யாரு ஆபீஸ்ல இருந்து வந்தவுக, யாரு நேரா வீட்ல இருந்து வந்தவுகன்னு எனக்கு ஒரு நிமிசத்துல தெரியும். வீட்ல இருந்து வந்த பிள்ளைக ஸ்டூலைக் கரகரன்னு தரையில இளுத்துப் போட்டு உக்காரும். ஆபீஸ்ல இருந்து வந்தவுக தூக்கித்தான் வைப்பாக. வெடிக்கு மருந்து அடைக்கிற ரூம்ல எதையும் தரையோட இளுக்கக் கூடாது, உரசுனா போச்சு. அது அவுக கையிலயே ஊறிப்போச்சு. செருப்பையும் வாசலைப் பாத்துத் திருப்பி வச்சுட்டுத்தான் உள்ள வருவாக. ஓடணும்னா காலை விட்டுட்டு ஓடுறதுக்கு. நைட்டிக் கம்பெனியில எதுக்கு ஓடணும்? கேட்டா சிரிப்பாக. மறுநாளும் திருப்பித்தான் வைப்பாக.

நானும் ஆபீஸ்ல இருந்தவன்தான். வீரமா வேலை பாத்தேன்னு நினைச்சிராதீக, லோடுமேன். பெட்டியத் தூக்கி லாரியில அடுக்குறது. மருந்து ரூம் இருக்க பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்ததில்ல. ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட அந்தப் பக்கம் மரம் இருந்தா இந்தப் பக்கம் மரம் தேடுவேன். ஆனா ஒரு வெடிச் சத்தம் அவுகளை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. அதைத்தான் சொல்ல வாரேன்.

வாசலை ஒட்டி இருக்க மிஷின் எங்க மதினியோடது. சொந்தமெல்லாம் கிடையாது. என்னைய விட மூணு நாலு வயசு மூத்தவுக, பாத்த அன்னைக்கே "என்ன மதினி, புதுசா?"ன்னு கேட்டு வச்சேன். கண்ணாடியக் கீள இறக்கி என்னைய ஒரு பார்வை பாத்தாக.

"எங்க வீட்ல இப்பிடி ஒரு கொளுந்தன் பொறந்திருந்தா என் மாமியா அன்னைக்கே தூக்கி ஊருணியில போட்டுருக்கும்"னாக.

அன்னையில இருந்து மதினிதான். நான் அயன் போட்டுக்கிட்டே ஏதாச்சும் பேசுவேன், அவுக தலை நிமிராமத் திருப்பிப் போடுவாக. முப்பது மிஷினும் சிரிக்கும். எங்க மேனேஜர் கண்ணாடி ரூமுக்குள்ள இருந்து எட்டிப் பாப்பாரு. மிஷின் ஓடுதான்னு பாத்துட்டு, ஓடுனா உக்காந்துக்கிடுவாரு.

அந்தக் கதவோர மிஷினை யாரும் கேக்க மாட்டாக. ஃபேன் காத்து எட்டாது, மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா மடியில விளும், ரோட்டுப் புளுதி பூராவும் பீஸ் மேல வந்து உக்காரும். மதினி கேட்டு வாங்கி அங்கன உக்காந்தாக. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு ஆபீஸ்ல பதினோரு வருசம் இருந்தவுக. அவுகளும் தங்கச்சியும் ஒரே ரூம்ல, ஆளுக்கொரு பாய்ல உக்காந்து மருந்து அடைச்சாக. ஒருநாள் பிசிறு வெட்டிக்கிட்டே தானாச் சொன்னாக.

"நான் கதவோரம் இருந்தேன். அவ உள் பாய்ல இருந்தா. கைய நீட்டுனேன். எட்டல."

அம்புட்டுத்தான் சொன்னாக. அயன் பெட்டிய ஒரே இடத்துல வச்சுட்டு நின்னு ஒரு பீஸைத் தீச்சுப்புட்டேன்.

தங்கச்சி அந்த வெடியில போனதுக்குப் பொறவு மதினி மக ஒரே பிடியா நின்னுருக்கு. பத்தாவது படிக்கிற பிள்ளை. "இனிமே நீ ஆபீஸ் பஸ்ல ஏறுனா நான் பள்ளிக்கூடத்துல இருந்து நின்னுக்கிடுவேன், பாத்துக்கோ"ன்னுருச்சாம். நாப்பது வயசுக்குப் பக்கத்துல மதினி தையல் பளகுனது அப்பிடித்தான். முத மாசம் அவுக தைச்ச பைப்பிங்கைப் பாத்தா பாம்பு ஊந்து போன தடம் மாதிரி இருக்கும். நான் அதைச் சொல்லிச் சொல்லி ஆறு மாசம் சிரிச்சேன். பொறவு லைன்லயே நல்ல கை அவுக கைதான்.

அவுகளுக்குப் பக்கத்து மிஷின்ல ஆனைக்குட்டத்துப் பிள்ளை ஒண்ணு. காடு கரை உள்ள வீடு. கல்யாணம் முடிவாகுற வரைக்கும் வீட்ல சும்மா இருக்க முடியாம வந்தது. முதல்ல மத்தியானம் தனியா ஒரு பீஸை விரிச்சு, அதுல உக்காந்து சாப்பிடும். மூணாவது வாரம் மதினியோட கருவாட்டுக் குளம்பு வாசம் அதை இளுத்துக்கிட்டு வந்துருச்சு. ரெண்டு வாய் தின்னுட்டு, "அக்கா, எங்க வீட்ல சொல்லிராதீக"ன்னுச்சு.

"நான் சொல்ல மாட்டேன். உன் கையில வாசம் இருக்கும், அது சொல்லும். சோப்பு போட்டுக் களுவு"ன்னாக மதினி.

செக்கிங் பாக்குற அக்கா ஒருத்தி உண்டு, எல்லாருக்கும் அக்கா. "சோப்புலயா போகும் கருவாட்டு வாசம்? இவனைத் தொட்டுக் களுவு, இவன் மேல இருக்க அயன் புகையில எல்லாம் அமுங்கிப் போகும்"னாக. இப்பிடித்தான் போய்க்கிட்டிருந்துச்சு எங்க பொளப்பு.

தீவாளிச் சீசன்ல ஒருநாள், டீ குடிச்சுட்டு அப்பத்தான் வந்து உக்காந்திருக்கோம், தரை ஒரு அதிர் அதிர்ந்துச்சு. கட்டிங் மேசையில கிடந்த கத்திரி கிணுங்குன்னுச்சு. சத்தம் பொறவுதான் வந்துச்சு. தூரத்துல. மிஷின் ஒவ்வொண்ணா நின்னுச்சு. யாரும் ஒண்ணும் கேக்கல. எல்லாரும் போனைத்தான் எடுத்தாக. எந்த ஆபீஸு, எந்தப் பக்கம், நம்மாளு யாரு போயிருக்கா. ஒருத்தருக்கு லைன் கிடைச்சா மூஞ்சி தெளியும், பக்கத்துல உள்ளவுகளுக்குக் கிடைக்கலைன்னா தெளிஞ்ச மூஞ்சிய மறைச்சுக்கிடுவாக. அன்னைக்குச் செத்தவுகள்ல எங்க லைன்ல யாரு வீட்டு ஆளும் இல்ல. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளு இருந்துச்சு.

ரெண்டு நாளா கம்பெனியில பேச்சே கிடையாது. மிஷின் சத்தம் மட்டுந்தான். சாப்பாட்டு நேரத்துல வட்டமா உக்காந்து, அவுகவுக சட்டியப் பாத்துச் சாப்பிட்டு எந்திரிச்சாக. நான் என்னென்னமோ சொல்லிப் பாத்தேன். என் பொண்டாட்டி என்னைய அடிச்ச கதைய, அடிக்காத அடியும் சேத்துச் சொன்னேன். ஒரு பல்லு தெரியல.

மூணாம் நாள் மத்தியானம். என் கையில டஜன் பீஸ் போடுற பெரிய கவர். எனக்கு என்ன தோணுச்சுன்னு இப்ப யோசிச்சாலும் வெளங்கல. சிரிக்க வைக்கிறது ஏதோ என் தலையில எளுதுன வேலை மாதிரி, நான் பேசாம இருந்தா கூரை இறங்கிரும்ங்கிற மாதிரி. அந்தக் கவரை வாயில வச்சு ஊதுனேன். பூசணிக்கா மாதிரி ஆச்சு. களுத்தைத் திருகிப் பிடிச்சேன். எல்லாரும் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காக. ஓங்கி ஒரு அறை.

அம்புட்டுச் சத்தம் வரும்னு எனக்கே தெரியாது. கூரை தகரம்.

வீட்ல இருந்து வந்த பிள்ளைக திரும்பிப் பாத்தாக. ஆபீஸ்ல இருந்து வந்தவுக திரும்பல. எந்திரிச்சாக, ஓடுனாக. ஒரு ஸ்டூல் விளல, ஒருத்தி கத்தல, ஒருத்திய ஒருத்தி இடிக்கல. பதினாலு பதினஞ்சு பொம்பளைக அந்த ஒத்த வாசல்ல தண்ணி மாதிரி வெளிய போனாக. எல்லாருக்கும் முன்னாடி மதினி. போகும்போது பக்கத்து மிஷின் பிள்ளையோட கையப் பிடிச்சு ஒரே இளுப்பா இளுத்துக்கிட்டுப் போனாக.

அந்தப் பிள்ளை கை ஊசிக்குக் கீள இருந்துச்சு. காலு பெடல்ல இருந்துச்சு.

நான் வெளிய போயிப் பாக்கையில கருவேல மரத்துக்குள்ள முப்பது அடி தாண்டி நின்னாக ரெண்டு பேரும். பிள்ளையோட ஆள்காட்டி விரல் நகம் பேந்து, ஒடைஞ்ச ஊசி உள்ளயே நிக்கிது. ரத்தம் மதினி சேலை பூராவும். மதினி அந்த மணிக்கட்டை விடவே இல்ல. "பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்"னு சொல்லிக்கிட்டே இருந்தாக. அந்தப் பிள்ளை அளுதுக்கிட்டே, "விடுங்கக்கா, ஒண்ணுமில்லக்கா, விடுங்கக்கா"ங்குது.

மேனேஜர் ஓடியாந்தாரு. "என்ன சத்தம்? எவன்லே?"

கிளிஞ்ச கவர் என் சட்டைக்குள்ள இருக்கு. வயித்துல ஒட்டி வேர்வையில கசகசங்குது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாள் முளுக்க ஓயாத வாயி.

"லாரி டயருண்ணே. ரோட்டுல"ன்னேன்.

அந்தப் பொய்யினாலதான் எல்லாம் போச்சு. சாயங்காலம் பிள்ளையோட அப்பா பைக்ல வந்தாரு. வெள்ளை வேட்டி, மடிச்சுக் கட்டல, வண்டிய விட்டு இறங்கவும் இல்ல. விரல்ல கட்டுப் போட்டுருக்கு, மூணு வாரத்துக்கு மிஷினைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு, வைகாசியில கல்யாணம் பேசிருக்கு. மனுசன் கோவப்படுறதுல நியாயம் இருக்கு. ஆனா அவரு கேட்டது வேற.

"எங்க காட்டுல களை எடுத்த குடும்பம். எங்க வீட்டுப் பிள்ளையக் கையப் பிடிச்சு இளுக்கிற அளவுக்கு வந்துட்டாகளா?"

மேனேஜர் அவரைச் சமாதானம் பண்ணி அனுப்பிட்டு, மதினியக் கூப்பிட்டாரு. நான் அயன் மேசையில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். "டயர் வெடிச்சதுக்கே இந்த ஓட்டம் ஓடுனா நான் எப்பிடிம்மா கம்பெனி நடத்துறது? நாளைக்கு மளை இடி இடிச்சா இன்னும் நாலு பேரு விரலை எடுப்பீகளா? நாளையில இருந்து வர வேணாம்"னாரு. மதினி சாப்பாட்டுச் சட்டிய எடுத்துக்கிட்டு, செருப்பைப் போட்டுக்கிட்டுப் போனாக. போகையில என்னைய ஒருக்க பாத்தாக. நான் ஒரு நைட்டிய மடிச்சேன். மடிச்சதையே மறுபடி பிரிச்சு மடிச்சேன்.

வீட்டுக்குப் போயிச் சொல்லணும்னு தினமும் நினைப்பேன். நாளைக்கு, நாளைக்குன்னே ஒரு மாசம் ஓடிருச்சு. எனக்கும் வீட்ல ரெண்டு இருக்கு, வேலை போயிரும்னு பயம். வேற பெரிய காரணமெல்லாம் இல்ல.

போன வாரம் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். ஆபீஸ் பஸ் வந்து நிக்கிது. மதினி இறங்குறாக. புருவத்துல, காது மடல்ல எல்லாம் வெள்ளி மாதிரி பவுடர். எனக்கு ஒளியணும்னு இருந்துச்சு, ஒளியத்தான் ஒரு மரங்கூட இல்ல.

"என்ன மதினி, சாமி வேசமா? மூஞ்சி மினுங்குது"ன்னுட்டேன். என் வாயி. அதை அறுத்து நாய்க்குப் போடணும்.

அவுக சிரிக்கல, கோவப்படவும் இல்ல. "கவரை நீதான உடைச்ச?"ன்னாக.

"எப்பத் தெரியும்?"

"வெளிய போயி நின்ன உடனயே தெரியும்லே. மருந்து வெடிச்சா சத்தத்துக்குப் பின்னாடியே வாசம் வரும். வாசம் வரல. பொறவு உன் மூஞ்சியப் பாத்தேன்."

"அப்பவே மேனேஜர்கிட்டச் சொல்லிருக்கலாம்ல மதினி?"

"நான் சொன்னா யாரு கேப்பாக? கையப் பிடிச்சு இளுத்தது நான்தான. அந்தப் பிள்ளை விரலு போனது என்னாலதான." முந்தானையில மூஞ்சியத் தொடைச்சாக, பவுடர் போகல. "நீ சொல்லுவன்னு பாத்தேன். ஒரு வாரம் எங்கயும் போகாம வீட்லயே இருந்தேன். நீ சொல்லிருப்ப, ஆளு விட்டுக் கூப்பிடுவாகன்னு."

மக பள்ளிக்கூடம் போகுதான்னு மட்டும் கேட்டேன்.

"போகுது. என்கூடத்தான் பேச மாட்டேங்குது. சோறு வச்சா தின்னுட்டுத் தட்டைக் களுவி வச்சுட்டுப் போயிரும்." பஸ்ஸைத் திரும்பிப் பாத்தாக. "இம்புட்டு நாளு பாக்கெட் போடுற பக்கம் இருந்தேன். திங்கக்கிளமையில இருந்து மருந்து ரூம்னுட்டாக. ஆளு பத்தலையாம். கதவோரம் கேட்டேன். உள் பாய்தான் இருக்காம்."

அன்னைக்கு வெள்ளிக்கிளமை. சனி ஞாயிறு எனக்குச் சோறு இறங்கல. என் பொண்டாட்டி, "என்ன, வாயில கொளுக்கட்டையா?"ன்னு கேட்டா. பதில் சொல்லாததைப் பாத்துப் பயந்து கையத் தொட்டுப் பாத்தா, காச்சலான்னு.

இன்னைக்குத் திங்கக்கிளமை. காலையில ஷட்டர் தூக்கும்போதே மேனேஜர் முன்னாடி போயி நின்னேன். எல்லாத்தையும் சொன்னேன். கவரு, ஊதுனது, டயருன்னு சொன்ன பொய்யி. சொல்லி முடிச்சுட்டுக் கண்ணை மூடிக்கிட்டேன், அடி விளும்னு.

அவரு சிரிக்காரு.

"ஏலே, உன் நக்கலுக்கு இதுவா நேரம்? ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, போலே."

"சத்தியமாண்ணே. நான்தாண்ணே."

சிரிப்பை நிப்பாட்டிட்டு என்னைய மேலயும் கீளயும் பாத்தாரு. "ஒரு மாசம் களிச்சு அவளுக்காக எதுக்குலே வந்து பளிய ஏத்துக்கிடுற? ரெண்டு பேருக்கும் என்ன விசயம்?"

பாருங்க. ஒம்பது வருசம் சிரிக்கச் சிரிக்கப் பேசுனதுக்குக் கிடைச்ச பலன். நிசத்தைச் சொன்னா நக்கலுங்காக, விடாமச் சொன்னா கள்ளத் தொடுப்புங்காக. இதுக்கு மேல நான் பேசுனா மதினி பேருதான் நாறும். வெளிய வந்துட்டேன்.

ஆனைக்குட்டத்துப் பிள்ளை போன வாரந்தான் வேலைக்குத் திரும்பி வந்திருக்கு. விரல்ல புது நகம் அரிசி மாதிரி மொளைக்கிது. அதுகிட்டப் போயி நின்னேன். "தாயி, அன்னைக்கு அந்தச் சத்தம் டயரு இல்ல. நான் கவர் உடைச்சேன். உன் விரலு என்னாலதான் போச்சு. மதினி இன்னைக்கு மருந்து ரூமுக்குப் போயிருக்காக"ன்னு சொன்னேன். நான் சொல்றதை அது நம்புமான்னுகூட எனக்குத் தெரியல.

அது மிஷினை நிப்பாட்டுச்சு. "அண்ணே, உள்ள இருந்தவுக எல்லாரும் அவுகவுக உசிருக்கு ஓடுனாக. அந்த அக்கா மட்டுந்தான் என்னையச் சேத்துக் கூட்டிக்கிட்டு ஓடுனாக. அதை எங்க அப்பாகிட்டச் சொன்னேன். ஒரு அறை விட்டாரு"ன்னுச்சு. பொறவு எந்திரிச்சு, நேரா மேனேஜர் ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்கிருச்சு.

அது போயி அரைமணிக்கூறு ஆச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் போன்ல பேசிக்கிட்டே இருக்காரு. முதலாளிகிட்டயா, அந்தப் பிள்ளையோட அப்பாகிட்டயா, தெரியல. அந்தப் பிள்ளை உக்காரவே இல்ல, நின்னுக்கிட்டே இருக்கு. ஆபீஸ்ல பதினொரு மணிக்கு டீக்கு விடுவாக. அப்ப மதினிக்குப் போன் போட்டா எடுப்பாக, உள்ள கொண்டு போக விட மாட்டாக, வெளிய பையில இருக்கும். வேலை திரும்பக் கிடைச்சிருச்சுன்னு சொல்லணுமா, இல்ல, சொல்லிட்டேன் மதினி, ஆனாலும் எடுக்க மாட்டேங்காகன்னு சொல்லணுமா, நான் ரெண்டையும் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன். முதல்ல என்ன சொல்லலாம்னு நினைக்கேன்னா...

"ஏலே! உன்னையத்தான். உள்ள கூப்பிடுறாக, வாலே!"

செக்கிங் அக்கா. இந்தா வாரேன்க்கா.